மக்காவ் நகரில் எங்கே, எப்போது, எதைச் சாப்பிடுவது

சீனாவின் தென்கரையில், ஹாங்காங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சூதாட்ட நகரம் மக்காவ், முன்பு போர்ச்சுகீசியர் ஆண்ட ஊர். அங்கே போகும் பலர் மூன்று வேளையும் ரிசார்ட்டின் ஃபுட் கோர்ட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நேரக் கணக்கு தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். கேசினோ மாளிகைகள் இரவெல்லாம் விழித்திருக்கும். ஊரின் சொந்தச் சமையலோ பகலில்தான் முழுசாகக் கிடைக்கும். பழைய தேநீர் விடுதிகள் மதியத்தோடு கதவைச் சாத்திவிடும். போர்ச்சுகீசிய உணவகங்களில் பல மதியம் மூன்று மணி முதல் மாலை ஆறு வரை அடுப்பை அணைத்து வைத்திருக்கும். விடிய விடியச் சூதாட்ட மேசையில் உட்கார்ந்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கண் விழிப்பவருக்கு ரிசார்ட் சாப்பாட்டைத் தவிர வேறு வழி இருக்காது. ஆகவே பகலை ஊருக்கும் இரவை ரிசார்ட்டுக்கும் ஒதுக்குங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஊர், பணம், பஸ்

மொத்த ஊரே 33 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். வடக்கே மக்காவ் தீபகற்பம். பழைய நகரமும் செனாடோ சதுக்கமும் கிராண்ட் லிஸ்போவா ஹோட்டலும் இங்கே. பாலம் தாண்டினால் தைப்பா. தெற்குக் கோடியில் கொலோவான். இந்த இரண்டுக்கும் நடுவில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம்தான் கோத்தாய். வெனிஷியன், சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ், கேலக்ஸி, வின் பேலஸ் போன்ற பெரிய ரிசார்ட்டுகள் எல்லாம் இங்கே வரிசையாக நிற்கின்றன.

உள்ளூர் நாணயம் படாக்கா. நூறு ஹாங்காங் டாலருக்கு 103 படாக்கா என்பது நிலையான விகிதம். கடைகளில் ஹாங்காங் டாலரை ஒன்றுக்கு ஒன்று என்றே வாங்கிக்கொள்வார்கள். அதாவது நூறுக்கு மூன்று உங்கள் கையை விட்டுப் போகும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அது பெரிதில்லை, நான்கு நாள் குடும்பச் செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய தொகை. மீதிச் சில்லறையைப் படாக்காவாகக் கொடுத்தால் அதை மக்காவிலேயே செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது பெரும்பாடு. ரிசார்ட்டுகளில் கார்டு செல்லும். சந்துக் கடைகளுக்கு ரொக்கம் வேண்டும். கொஞ்சம் பெரிய உணவகங்களில் பில்லோடு 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும், அதற்கு மேல் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

ரிசார்ட்டுகளின் இலவச பஸ்கள் எல்லை வாசல், படகுத் துறைகள், விமான நிலையம், ஹாங்காங் பாலத்தின் சோதனைச் சாவடி ஆகிய இடங்களிலிருந்து ஓடுகின்றன. சாப்பாட்டுக்காக அலைபவருக்கு உதவுவது, கோத்தாயையும் தீபகற்பத்தையும் இணைக்கும் வழித்தடங்கள்தான். வின் பேலஸிலிருந்து வின் மக்காவுக்கோ, கேலக்ஸியிலிருந்து ஸ்டார்வேர்ல்டுக்கோ வந்து இறங்கினால் செனாடோ சதுக்கம் நடக்கிற தூரம். நகரப் பேருந்தில் எங்கே போனாலும் 6 படாக்கா. உண்டியலில் சரியான சில்லறையைப் போட வேண்டும், ஓட்டுநர் மீதி தரமாட்டார். 21ஏ, 26ஏ என்ற இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். பழைய நகரத்திலிருந்து கொலோவான் கிராமம் வரை இவை போகும். ஊபர் 2017-இலேயே இந்த ஊரை விட்டுப் போய்விட்டது. டாக்ஸியில் ஏறுமுன் போகவேண்டிய இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் போனில் வைத்திருங்கள். ஆங்கிலப் பெயரும் போர்ச்சுகீசியப் பெயரும் பல ஓட்டுநர்களுக்குப் புரியாது.

காலை: டிம் சம்

டிம் சம் என்பது தேநீரோடு சாப்பிடும், பெரும்பாலும் ஆவியில் வேக வைத்த சிறு பண்டங்கள். ரிசார்ட்டுக்குள்ளும் நல்ல டிம் சம் உண்டு. ஆனால் ஒரு காலையாவது சிவப்புச் சந்தை என்று அழைக்கப்படும் 1936-ஆம் ஆண்டுக் கட்டடத்தின் பக்கம் போங்கள். சந்தைக்கு அருகே மாடியில் இருக்கும் லுங் வா தேநீர் விடுதி 1960-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. மெனு, பரிமாறுபவர் என்ற ஏற்பாடெல்லாம் அங்கே பெரிதாகக் கிடையாது. ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளிலிருந்து வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு வந்து உட்கார வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடுங்கள். பன்னிரண்டுக்கு மேல் ரகங்கள் குறைந்துவிடும், மதியம் இரண்டு மணிவாக்கில் கடையே முடிந்துவிடும்.

எந்த டிம் சம் கடையிலும் முதலில் கேட்பது தேநீர்தான். போ லே என்ற கறுப்புத் தேநீர் எண்ணெய்ப் பண்டத்துக்குப் பொருத்தம். அது பழக்கமில்லாதவர்கள் மல்லிகைத் தேநீர் வாங்கலாம். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. குடிக்காவிட்டாலும் பில்லில் வரும், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். முதல் ஊற்றலில் கிண்ணத்தையும் சாப்ஸ்டிக்கையும் கழுவிக் கொட்டிவிடுவது வழக்கம். கேத்தலில் வெந்நீர் தீர்ந்தால் மூடியைச் சாய்த்துத் திறந்து வையுங்கள், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. யாராவது உங்களுக்கு ஊற்றினால் இரண்டு விரலால் மேசையில் லேசாகத் தட்டுவதுதான் நன்றி.

இரண்டு பேருக்கு ஐந்து, ஆறு கூடை தாராளம். ஹார் காவ் என்பது இறால், சியூ மாய் பன்றி இறைச்சி, சார் சியூ பாவ் இனிப்புப் பன்றிக் கறி வைத்த பன், சங் ஃபன் அரிசி மாவுச் சுருள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்து வைத்தால் கடைசிக் கூடை ஆறி, மாவு இறுகிப்போகும். இரண்டிரண்டாக எடுங்கள்.

மதியம்: செனாடோ சதுக்கத்தைச் சுற்றி

சதுக்கத்தில் இரண்டு கடைகள் போதும். வோங் சி கேயில் மூங்கில் தடியால் மாவை அழுத்திச் செய்யும் முட்டை நூடுல்ஸ் கிடைக்கும். சூப் இல்லாமல் இறால் முட்டைத் தூள் தூவியதைக் கேளுங்கள், நூடுல்ஸின் கடிபதம் அதில்தான் தெரியும். பக்கத்திலேயே பசு மாட்டுப் படம் போட்ட லெய்ட்டாரியா இ சொன். இங்கே பாலையும் முட்டை வெள்ளைக்கருவையும் ஆவியில் வேக வைத்த இரட்டை ஆடைப் பால் புட்டிங் தருவார்கள். சூடாகவும் கிடைக்கும், குளிர்ந்தும் கிடைக்கும். முதல் தடவை என்றால் சூடாக வாங்குங்கள், பால் வாசனை முழுசாக இருக்கும்.

பேராலயத்தை ஒட்டிய சந்தில் கறி மீன் உருண்டைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தட்டில் அடுக்கியிருக்கும் குச்சிகளில் வேண்டியதைத் தேர்ந்து கொடுத்தால் கொதிக்கும் சாற்றில் போட்டு எடுத்து, மேலே கறிக் குழம்பு ஊற்றித் தருவார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது வெறும் மீன் உருண்டையோ முள்ளங்கியோ ஆனாலும், மாட்டுக் குடலும் வயிற்றுப் பகுதியும் கொதிக்கிற அதே சாற்றில்தான் அதுவும் வேகும்.

பிற்பகல்: கொலோவான்

மக்காவில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கொலோவானைச் சொல்வோம். கேசினோ வெளிச்சம் எட்டாத மீனவர் கிராமம், எதிர்க்கரையில் சீனப் பெருநிலம். லார்ட் ஸ்டோவ்ஸ் பேக்கரி 1989-இல் இங்கேதான் தொடங்கியது. ஆண்ட்ரூ ஸ்டோவ் என்ற ஆங்கிலேயர் மாவுக் கிண்ணத்தில் முட்டை கஸ்டர்ட் ஊற்றிச் சுடும் போர்ச்சுகலின் முட்டை டார்ட்டைத் தம் போக்கில் மாற்றிச் செய்தார். இன்று மக்காவ் டார்ட் என்று உலகம் சொல்வது அதைத்தான். வெனிஷியனுக்குள்ளும் கிளை உண்டு. அவசரத்துக்கு அது சரி, என்றாலும் கிராமத்துக் கடையில் அடுப்பிலிருந்து தட்டு இறங்கும்போது வாங்குவதன் ருசியே தனி.

டார்ட்டைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். மேலே கருந்திட்டுகள் இருக்க வேண்டும், அது கருகல் அல்ல, சர்க்கரை நிறம் மாறிய இடம். ஒரே சீரான மஞ்சளாக இருந்தால் வேக்காடு போதவில்லை. ஓரத்து மாவு அடுக்கடுக்காகப் பிரிந்து, தொட்டால் உதிர வேண்டும். வாங்கிய கையோடு வாயில் போடாதீர்கள், நடுவில் இருக்கும் கஸ்டர்ட் நாக்கைச் சுட்டுவிடும். இரண்டு நிமிடம் பொறுத்து, கால் மணி நேரத்துக்குள் தின்றுவிடுங்கள். அதைத் தாண்டினால் அடிப்பக்க மாவு ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு என்று வாங்கினால் பெரும்பாலும் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டி வரும். நகரத்துக்குள் இதற்குச் சமமாகப் பேசப்படுவது கிராண்ட் லிஸ்போவா பக்கத்துச் சந்தில் உள்ள மார்கரெட்ஸ் கஃபே இ நாட்டா.

கிராமத்திலிருந்து பழைய கப்பல் கட்டும் கொட்டகைகள் இருக்கும் லாய் சி வுன் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால் ஹோன் கீ காபிக் கடை. தகரக் கூரை, வெளியில் போட்ட மேசைகள். காபித் தூள், சர்க்கரை, கொஞ்சம் வெந்நீர் மூன்றையும் கோப்பையில் கையாலேயே ஏறத்தாழ நானூறு சுற்று அடித்து, நுரை கெட்டியானதும் பால் சேர்த்துத் தருகிறார்கள். 2020-இல் டல்கோனா காபி என்று உலகமெல்லாம் பரவியதே, அதற்குப் பொறி இந்தக் கடைதான். இங்கே குடித்த ஒரு கொரிய நடிகர் தொலைக்காட்சியில் அதைக் காட்டினார். காபி வர நேரம் பிடிக்கும். அவசரப்படுத்திப் பயனில்லை.

26ஏ பஸ்ஸிலேயே இன்னும் மேலே போனால் ஹாக் சா கடற்கரை. கறுப்பு மணலுக்கு எதிரில் பெர்னாண்டோஸ் என்ற போர்ச்சுகீசிய உணவகம் 1986 முதல் இருக்கிறது. பூண்டும் கொத்தமல்லியும் போட்ட மட்டி, கரியில் சுட்ட மத்தி மீன், பழம் போட்ட வைனான சங்ரியா ஒரு ஜாடி, போதும். வார இறுதியில் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். வார நாளில் பன்னிரண்டு மணிக்கே போய் உட்காருங்கள்.

மக்கானீஸ் சமையல்: ஒரு வேளையாவது

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். போர்ச்சுகீசியச் சாப்பாடு லிஸ்பனில் கிடைக்கும், தென்சீனாவின் கான்டனீஸ் சாப்பாடு ஹாங்காங்கில் கிடைக்கும். மக்கானீஸ் சமையல் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே குடியேறிய போர்ச்சுகீசியர்கள் ஆப்பிரிக்கா, கோவா, மலாக்கா வழியாக வந்தவர்கள். மஞ்சள், தேங்காய்ப்பால், புளி, மிளகாய் எல்லாம் அந்தக் கப்பல்களில் வந்தன. உள்ளூர்ப் பெண்கள் சோயா சாஸையும் சீன வாணலியையும் சேர்த்தார்கள். எழுதி வைக்காமல் தாயிடமிருந்து மகளுக்குப் போன வீட்டுச் சமையல் இது. 2017-இல் யுனெஸ்கோ மக்காவைச் சமையல் கலையின் படைப்பூக்க நகரமாக அறிவித்தது. 2021-இல் சீனாவின் தேசிய மரபுச் சொத்துப் பட்டியலிலும் மக்கானீஸ் சமையல் இடம்பிடித்தது. அதே ஆண்டு, ரிக்ஷோ என்ற சிறு உணவகத்தின் வழியே இந்தச் சமையலை ஊருக்கு ஊட்டிவந்த ஆய்டா டி ஜீசஸ் தமது 105-ஆம் வயதில் காலமானார். பட்டியல் இருக்கிறது, கைகள் குறைந்துவருகின்றன. தேடிப்போய்ச் சாப்பிடுபவர் இருந்தால்தான் இந்த அடுப்புகள் எரியும்.

முதலில் மின்சி கேளுங்கள். கொத்திய பன்றிக்கறி அல்லது மாட்டுக்கறி (இரண்டும் கலந்தும் செய்வார்கள், எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்), சோயா சாஸ், வெங்காயம், பிரியாணி இலை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. பக்கத்தில் சோறு, மேலே ஒரு பொரித்த முட்டை. நல்ல சமையலறையில் உருளைக்கிழங்கைக் கடைசி நிமிடத்தில்தான் சேர்ப்பார்கள், மேசைக்கு வரும்போது மொறுமொறுப்பு இருக்கும். கிழங்கு ஊறித் தொளதொளவென்று வந்தால் காலையிலேயே கலந்து வைத்த சட்டி என்று அர்த்தம். முட்டைக் கருவை உடைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட வேண்டும்.

அடுத்தது கலின்யா ஆ போர்த்துகேசா. பெயர் போர்ச்சுகீசியக் கோழி, ஆனால் போர்ச்சுகலில் கிடைக்காது. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் ஆலிவும் சேர்த்து அடுப்பில் மேல் சிவக்கச் சுட்ட கோழி. நம் வீட்டுக் குருமாவுக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும். காரம் எதிர்பார்க்காதீர்கள். காரம் வேண்டியவர்களுக்கு ஆப்பிரிக்கக் கோழி இருக்கிறது: பிரி பிரி மிளகாய், பூண்டு, தேங்காய், பல இடங்களில் நிலக்கடலையும். இரண்டு உணவகங்களில் இது ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் குழம்பாக வரும், இன்னொன்றில் உலர்ந்த மசாலாவாக ஒட்டியிருக்கும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

பன்றிக்கறி சாப்பிடுபவர்கள் பலிச்சாவ் என்ற இறால் ஊறலும் புளியும் போட்ட கறியைத் தவறவிட வேண்டாம். வாசனை தூக்கலாக இருக்கும், வெறும் சோற்றோடு சாப்பிட்டால் அடங்கும். தாச்சோ என்பது பலவகை இறைச்சியும் கோசும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கும் குளிர்காலப் பண்டம். எல்லா நாளும் இருக்காது, முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

எங்கே? ஆ-மா கோயில் பக்கம் பார்ரா பகுதியில் ஆ லோர்ச்சா, லிட்டோரல், ஹென்றீஸ் கேலி என்று கிட்டக்கிட்ட இருக்கின்றன. மோங் ஹா குன்றில் மக்காவ் சுற்றுலாப் பல்கலைக்கழகம் நடத்தும் பயிற்சி உணவகம் இன்னொரு நல்ல வழி. மாணவர்கள் பரிமாறுவார்கள், விலை அடக்கம், வார இறுதியில் விடுமுறை. எதற்கும் ஒரு நாள் முன்னதாக இடம் பிடித்துவிடுங்கள். அப்போதே வார விடுமுறை எந்தக் கிழமை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கிழமை மூடுவார்கள், செவ்வாயும் புதனும் அதில் அதிகம்.

போர்ச்சுகீசிய, மக்கானீஸ் உணவகங்களில் தட்டு பெரிது. மூன்று பேருக்கு இரண்டு முக்கிய உணவு, ஒரு சூப், ஒரு சாலட் என்று தொடங்குங்கள். கடலுணவுச் சோறு கேட்டால் அரை மணி நேரமாவது ஆகும், உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். பக்கல்யாவ் என்ற உப்புக் கருவாட்டு மீன் உண்மையிலேயே உப்பாகத்தான் இருக்கும். அதோடு சேர்ந்து உப்பான இன்னொன்றை வாங்காதீர்கள். கடைசியில் செர்ராதூரா: அடித்த கிரீமும் பொடித்த மேரி பிஸ்கட்டும் மாறி மாறி அடுக்கியது.

மாலை: தைப்பா கிராமம்

வெனிஷியனிலிருந்து நடந்தே போய்விடலாம். ருவா டோ கூன்யா என்ற குறுகிய தெருவில் பாதாம் பிஸ்கட்டும் இறைச்சித் தகடும் (தகடாக உலர்த்திச் சுட்ட இறைச்சி) மாதிரிக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், வாங்காமல் ருசி பார்க்கலாம். பிற்பகல் மூன்றிலிருந்து ஆறு வரை தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஏழு மணிக்கு மேல் நிம்மதி. தை லெய் லோய் கேயின் பன்றி இறைச்சி பன் 1968 முதல் பேர்பெற்றது. மொறுமொறுப்பான பன்னுக்குள் இறைச்சி எலும்போடு வரும், கண்ணை மூடிக்கொண்டு கடிக்காதீர்கள். செங் சியோங்கில் நண்டுக் கஞ்சி கிடைக்கும். ஒரு சட்டி இரண்டு மூன்று பேருக்குக் காணும். இதே தெருவில் ஓ சாந்தோஸும் அருகில் அந்தோனியோவும் போர்ச்சுகீசியச் சாப்பாட்டுக்கு நம்பிப் போகலாம்.

உயிர் மீன் தொட்டி வைத்திருக்கும் கடல் உணவகங்களில் ஒரு விஷயம். மெனுவில் விலைக்குப் பதில் பருவ விலை என்று போட்டிருந்தால், அது கேட்டி என்ற எடைக்கான விலை. ஒரு கேட்டி ஏறத்தாழ 605 கிராம். கேட்டிக்கு எவ்வளவு, இந்த மீன் எத்தனை கேட்டி என்று இரண்டையும் கேட்டு, தராசில் வைத்துக் காட்டச் சொல்லி, மொத்தத்தைப் போனில் எழுதிக்கொண்ட பிறகு தலையாட்டுங்கள். பில் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் பெரும்பாலும் விலையை மட்டும் கேட்டு, எடையைக் கேட்காமல் விட்டவர்கள்தான்.

இரவு: ரிசார்ட்டுக்குள்

கேசினோ தளத்துக்குள் நுழைய 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சில நூடுல்ஸ், கஞ்சிக் கடைகள் அந்தத் தளத்தை ஒட்டியே இருப்பதால் பிள்ளைகளோடு வருபவர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. வழியை முதலில் கேளுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள்.

லாஸ் வேகாஸ் பழக்கத்தில் வருபவர்கள் விளையாட உட்கார்ந்ததும் விஸ்கி இலவசமாக வரும் என்று காத்திருப்பார்கள். இங்கே பொதுத் தளத்தில் தள்ளுவண்டியில் வருவது தண்ணீர், பால் தேநீர், காபி, ஜூஸ். மது வேண்டுமென்றால் பாரில் காசு கொடுத்து வாங்குவதே வழக்கம். நள்ளிரவுக்கு மேல் பசித்தால் இருபத்து நான்கு மணி நேரக் கஞ்சிக் கடைதான் சரியான தேர்வு. மீன் துண்டு போட்ட கஞ்சியும் ஒரு எண்ணெய்க் குச்சி ரொட்டியும் வயிற்றுக்கு இதம், விலையும் கடிக்காது.

பெரிய விருந்துக்கு ஒரு வேளை ஒதுக்குவதானால் இரவை விட மதியமே மேல். கிராண்ட் லிஸ்போவாவின் 43-ஆம் மாடியில் உள்ள ரோபுஷோன் ஓ டோம், சிறந்த உணவகங்களுக்கான மிச்செலின் வழிகாட்டியில் மூன்று நட்சத்திரம் பெற்றது. அங்கே மதிய செட் மெனு, இரவு விலையில் ஒரு பகுதிதான். ரொட்டி வண்டியும் இனிப்பு வண்டியும் அதே சமையலறையிலிருந்துதான் வரும். இரண்டு மூன்று வாரம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். அரைக்கால் சட்டை, செருப்போடு விடமாட்டார்கள். ரொட்டியை அளவோடு எடுங்கள், கடைசியில் இனிப்பு வண்டி வரும்போது வயிற்றில் இடம் வேண்டும்.

குடிக்க என்றால் மக்காவின் பலம் போர்ச்சுகீசிய வைன். வைனுக்கும் பீருக்கும் இங்கே நுகர்வு வரி இல்லை, 30 சதவீதத்துக்கு மேல் போதையுள்ள மதுவுக்கு உண்டு. அதனால் உணவகத்திலேயே ஒரு பாட்டில் வாங்கிப் பகிர்வது பாரில் இரண்டு காக்டெய்லை விடக் கட்டுப்படியாகும். வின்யோ வெர்டே என்ற வைன் லேசான நுரையும் புளிப்பும் கொண்டது, போதை குறைவு, மட்டிக்கும் மத்திக்கும் ஏற்றது. ஆப்பிரிக்கக் கோழிக்கும் சிவப்புக் கறிக்கும் போர்ச்சுகலின் அலென்டேஜோ அல்லது டோரோ பகுதிச் சிவப்பு வைன். சாப்பாட்டுக்குப் பின் போர்ட் என்ற இனிப்பு வைன் ஒரு சிறு கிளாஸ். பீரில் சூப்பர் பாக், சாக்ரஸ். பாருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கோத்தாயின் செயின்ட் ரீஜிஸ் பாரில் மரியா டோ லெஸ்டே கேளுங்கள், பிளடி மேரி என்ற தக்காளிச் சாற்றுக் காக்டெய்லின் மக்காவ் வடிவம். மது வாங்க 18 வயது.

சைவர்களுக்கு

சைவம் என்று சொன்னால் கறித்துண்டு இல்லாமல் தருவார்கள். சாற்றிலும் சாஸிலும் என்ன இருக்கிறது என்பது வேறு கதை. காய்கறி வதக்கலில் சிப்பி சாஸ், காய் டிம் சம்மில் இறால், கால்டோ வெர்டே என்ற கீரை சூப்பில் சோரிசோ தொத்திறைச்சி, பாதாம் பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு, சில செர்ராதூராவில் ஜெலட்டின் என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒளிந்திருக்கும். இறைச்சி, மீன், சிப்பி சாஸ், பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று ஹோட்டல் வரவேற்பில் சீனத்தில் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதானால் சிக் ஜாய் என்ற இரண்டு சொல் போதும். புத்த மத நோன்புச் சாப்பாட்டைக் குறிப்பதால் முட்டை, மீன் உட்பட எல்லாவற்றையும் விலக்குவார்கள்.

தைப்பாவில் பௌ தாய் என்ற புத்தக் கோயிலுக்குள்ளேயே சைவ உணவகம் இருக்கிறது. எதையும் விசாரிக்காமல் நிம்மதியாகச் சாப்பிடக் கூடிய இடம், மதியத்துக்குப் போங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உள்ளூர்க்காரர்கள் நோன்பு இருப்பதால் அன்று கூட்டம் நெரியும். ரிசார்ட் பக்கம் வெனிஷியனில் கோல்டன் பீகாக் என்ற இந்திய உணவகம் இருக்கிறது. முதியவர்களோடு போகிறவர்கள் ஒரு வேளைக்கு அதை வைத்துக்கொண்டால், சோறும் பருப்பும் கேட்டு ஊரெல்லாம் அலைய வேண்டாம்.

எப்போது போவது

சீனப் புத்தாண்டு, மே 1-ஐ ஒட்டிய விடுமுறை, அக்டோபர் முதல் வாரம் மூன்றையும் தவிருங்கள். வரிசையும் அறை வாடகையும் எகிறிவிடும். நவம்பரில் கார் பந்தயம் நடக்கும் நாட்களில் தீபகற்பத்தின் சாலைகள் மூடப்படும். அக்டோபரில் தைப்பா வீடுகள் பகுதியில் நடக்கும் லூசோஃபோனியா விழாவுக்குப் போக முடிந்தால் விடாதீர்கள். பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டே, கோவா என்று போர்ச்சுகீசியம் பேசிய இடங்களின் சமூகங்கள் ஒவ்வொன்றும் கடை போட்டுத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டை விற்கும். அந்தி சாயும் முன் போனால் பண்டமும் தீராது, நாற்காலியும் கிடைக்கும்.

ஊருக்கு எடுத்து வர

இறைச்சித் தகட்டை மக்காவிலேயே தின்று தீருங்கள். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் எல்லையிலேயே பிடுங்கிக்கொள்ளும். பாதாம் பிஸ்கட் தொட்டால் உடைகிற பண்டம், தகர டப்பாவில் வாங்கிக் கைப்பையில் வைக்க வேண்டும். போர்ச்சுகல் மத்தி மீன் டப்பாவை விமானப் பெட்டியில் போடுங்கள், உள்ளே இருக்கும் எண்ணெயைத் திரவமாகக் கணக்கிட்டுக் கைப்பையில் தடுப்பார்கள். டார்ட்டை எடுத்துப் போவதானால் அட்டைப் பெட்டியின் மூடியைப் பத்து நிமிடம் திறந்து வைத்து ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும். அன்றைக்கே வீடு சேர்ந்தால் 180 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் மாவு ரப்பராகிவிடும்.